இட்லி மாவு தொழில்: 65 ரூபாய் லாபத்தை 466 ஆக்கின கணக்கு, ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

திருச்சி உறையூர்ல எங்க வீட்டு முன்ரூம்லயே மாவு ஆட்டி விக்க ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகுது. மாசத்துக்கு நாலு பேராவது "அக்கா நானும் ஏதாச்சும் தொழில் பண்ணலாம்னு இருக்கேன், மாவு போட்டா ஓடுமா"ன்னு கேக்குறாங்க, எல்லாருக்கும் போன்ல ஒரு மணி நேரம் பேசி பேசி இப்ப எழுதியே வச்சிரலாம்னு உக்காந்துட்டேன். மாவு தொழில்னு எழுதுனாலும் ஊறுகா, முறுக்கு, மசாலாப் பொடி எது போட்டாலும் இதுல பாதி உங்களுக்கும் பொருந்தும். தொழில் முனைவோர் திறமைன்னா மேடைல நல்லா பேசுறது, தைரியமா கடன் வாங்குறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. என் அனுபவத்துல அது தினமும் ராத்திரி உக்காந்து வரவு செலவை எண்ணுறது. அந்த எண்ணுற பழக்கம் எனக்கு ஒரு வருஷம் லேட்டா வந்துச்சு, உங்களுக்கு முதல் நாளே வரணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒரு வாரம் எதுவும் வாங்காதீங்க

கிரைண்டர் வாங்க கடைக்கு ஓடாதீங்க. உங்க வீட்டை சுத்தி அரை கிலோமீட்டர்ல எத்தனை மளிகைக்கடை, அதுல எத்தனை கடைல மாவு இருக்கு, யார் மாவு, என்ன விலை, சாயங்காலம் 7 மணிக்கு எத்தனை பாக்கெட் மிச்சம் இருக்குன்னு ஒரு வாரம் நடந்து பாத்து நோட்ல எழுதுங்க. கடைக்காரர்கிட்ட "எந்த மாவு நல்லா போகுது"ன்னு கேட்டா சொல்ல மாட்டாரு, "எந்த மாவை திருப்பி குடுக்கிறாங்க, என்ன குறை சொல்றாங்க"ன்னு கேளுங்க, அண்ணாச்சி பொரிஞ்சு தள்ளிருவாரு. எங்களுக்கு கிடைச்ச பதில் ரெண்டு. ஒண்ணு, காலைல வாங்குனா சாயங்காலமே புளிச்சிருது. ரெண்டு, தோசை வருது ஆனா இட்லி கல்லு மாதிரி இருக்கு. அப்பவே முடிவு பண்ணிட்டோம், நம்ம மாவு இட்லிக்குன்னு பேர் வாங்கணும்.

வீடுகளையும் பாருங்க. வேலைக்கு போற பொண்ணுங்க எத்தனை பேர், மேன்ஷன்ல தங்குற பசங்க எத்தனை பேர், வயசானவங்க ரெண்டே பேரா இருக்கிற வீடு எத்தனை. எங்க தெருவுல தனியா இருக்கிற ஒரு பாட்டி "ஒரு கிலோ வாங்கி நான் என்னடி பண்ணுவேன்"னு கேட்டாங்க, அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் அரை கிலோ கவர். கடலூர்ல சி.கே.ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாய் வச்சு ஆரம்பிச்ச ஷாம்பூ கம்பெனி இன்னிக்கு கெவின்கேரா நிக்குதுன்னா பாட்டில் வாங்க முடியாதவங்க கைக்கு எட்டுற மாதிரி சின்ன பாக்கெட்ல குடுத்ததுதான் காரணம். வாங்குறவங்க கைல என்ன காசு இருக்கு, அவங்க வீட்ல எத்தனை பேர் சாப்பிடுறாங்க, இதை பாத்துட்டு பாக்கெட் சைஸை முடிவு பண்ணுங்க.

அடுத்து கணக்கு, இந்த இடத்தை வேகமா தாண்டிப் போகாதீங்க

முதல் வருஷம் நான் போட்ட கணக்கு இப்படித்தான் இருந்துச்சு. இப்ப எங்க பக்கம் இருக்கிற விலைய வச்சே சொல்றேன். இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 44-ன்னு 176 ரூபாய். உருட்டு உளுந்து 1 கிலோ 130. வெந்தயம், உப்பு எல்லாம் சேத்து 8. மொத்தம் 314 ரூபாய். இதுல மாவு சுமாரா 11 கிலோ காணும். அப்ப கிலோவுக்கு 28 ரூபாய் 50 பைசா, கடைக்கு 38-க்கு போடுறேன், பாக்கெட்டுக்கு 9 ரூபாய் 50 பைசா லாபம், ஒரு நாளைக்கு 50 பாக்கெட்டுக்கு 475 ரூபாய்! சந்தோஷமா இருந்தேன். ஆனா மாசக் கடைசில பீரோவுல காசு இருக்காது. வீட்டுக்காரர் "காசு எங்கதான் போகுது"ன்னு கேப்பாரு, எனக்கு பதில் தெரியாது, ரெண்டு பேருக்கும் சண்டை.

அப்புறம் ஒரு நாள் உக்காந்து ஒண்ணு விடாம எழுதுனோம். கவர் 1 ரூபாய் 50 பைசா. கரண்ட்டும் தண்ணியும் கிலோவுக்கு 1 ரூபாய். ஆக மாவு கவருக்குள்ள போறதுக்குள்ளயே 31 ஆயிருச்சு, 50 பாக்கெட்டுக்கு 1,550. கடை கடையா மாவு போட லைன் போற வண்டிக்கு பெட்ரோல் நாளைக்கு 100. கிரைண்டர், சீலிங் மெஷின், தராசு, பழைய ஃப்ரிட்ஜ் எல்லாம் சேந்து 60,000 ஆச்சு, அஞ்சு வருஷம் உழைக்கும்னு வச்சா நாளைக்கு 33. மொத்த செலவு 1,683. வரவு என்ன? 50 பாக்கெட் போட்டா 4 பாக்கெட் விக்காம ரிட்டர்ன் வந்துரும், வித்தது 46 தான், 46 இன்ட்டு 38, அது 1,748. மிச்சம் 65 ரூபாய்.

காலைல 4 மணிக்கு எந்திரிச்சு ராத்திரி வரைக்கும் ரெண்டு பேர் உழைச்சதுக்கு 65 ரூபாய். அந்த நோட்டுப் பக்கம் இன்னும் என்கிட்ட இருக்கு.

இந்த இடத்துல நிறைய பேர் "அப்ப 50-ஐ 200 ஆக்கிட்டா சரியாயிரும்"னு நினைச்சு கடன் வாங்கி பெரிய மெஷின் போடுவாங்க. தப்பு. ஓட்டைப் பானைல தண்ணிய வேகமா ஊத்துற கதைதான் அது. முதல்ல ஓட்டைய அடைங்க. நாங்க பண்ணது மூணே விஷயம். ரிட்டர்னை 4-ல இருந்து 1-க்கு இறக்குனோம். கடை விலைய 38-ல இருந்து 41 ஆக்கி, பாக்கெட் விலைய 48-ன்னு வச்சோம், கடைக்காரருக்கும் 7 ரூபாய் கிடைக்குது. 20 பாக்கெட்டை கடைக்கு போடாம வாட்ஸ்அப் குரூப் வச்சு தெருவுல இருக்கிற வீடுகளுக்கே நேரா 48-க்கு குடுத்தோம். இப்ப பாருங்க, 29 இன்ட்டு 41 அது 1,189, 20 இன்ட்டு 48 அது 960, மொத்தம் 2,149. செலவு அதே 1,683. மிச்சம் 466. அதே 50 பாக்கெட், அதே கிரைண்டர், அதே உழைப்பு.

நீங்க எந்த பொருள் பண்ணாலும் இந்த மாதிரி ஒரு பக்கம் எழுதாம அடுத்த படிக்கு போகாதீங்க. உங்க சம்பளத்தையும் ஒரு செலவா எழுதுங்க, வீட்டுப் பொம்பளைங்க இதை எழுதவே மாட்டோம், நம்ம உழைப்பு இனாம்னு நாமளே நினைச்சுக்கறோம். விலை ஏத்துனா கடைக்காரர் விட்டுருவாரோன்னு எனக்கும் பயம் இருந்துச்சு, 14 கடைல ஒரு கடைதான் நிறுத்துச்சு, அதுவும் மூணாவது வாரம் திரும்பி கேட்டுச்சு.

பொருள் தினமும் ஒரே மாதிரி வரணும்

ஒரு நாள் சூப்பரா இருந்து மறுநாள் சுமாரா இருந்தா ஆள் திரும்பி வரமாட்டாங்க. மாவுல இது ரொம்ப கஷ்டம், ஏன்னா மாவு உயிரோட இருக்கிற பொருள். உளுந்துலயும் அரிசிலயும் இயற்கையாவே இருக்கிற நுண்ணுயிர்தான் அதை பொங்க வைக்குது, புளிக்க வைக்குது, அதுக்கு சூடு ஏறுனா வேகம், குளிர்னா மந்தம். சித்திரை வெயில்ல ஆறு மணி நேரத்துல பொங்குறது மார்கழில பன்னெண்டு மணி நேரம் ஆனாலும் அசையாம கிடக்கும். அதனால நாங்க சீசனுக்கு சீசன் நேரத்தையும் உப்பையும் மாத்துவோம், வெயில் காலத்துல உப்பு முதல்லயே போட்டுருவோம், புளிப்பு கொஞ்சம் நிதானமாகும்.

உளுந்துதான் இதுல ராஜா. மூட்டை வாங்குறதுக்கு முன்னாடி காந்தி மார்க்கெட்ல நூறு கிராம் சாம்பிள் வாங்கிட்டு வந்து ஊறவச்சு ஆட்டிப் பாருங்க, நல்லா காணுதான்னு தெரிஞ்சிரும். பழைய ஸ்டாக் உளுந்து பாக்க வெள்ளையா பளபளன்னு இருக்கும், ஆட்டுனா பொங்காது. கிலோவுக்கு 8 ரூபாய் கம்மின்னு ஒரு தடவ ஒரு மூட்டை எடுத்துட்டு வந்து, மாவு காணாம, இட்லி தட்டையாகி, ரெண்டு வாரம் பேச்சு வாங்குனோம்.

ஆட்டும்போது கல்லு சூடாகும், அந்த சூடு உளுந்துல ஏறுனா பொங்குற சக்தி போயிரும். அதனால உளுந்தை ஃப்ரிட்ஜ்ல வச்சு ஊறவைங்க, ஐஸ் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு ஆட்டுங்க. பதம் பாக்க ஒரு கிண்ணம் தண்ணில சின்ன உருண்டை போடுங்க, மிதந்தா எடுத்துரலாம், முங்குனா இன்னும் அஞ்சு நிமிஷம். என் கூட வேலை பாக்குற அக்கா இதை கண்ணாலயே சொல்லிருவாங்க, ஆனாலும் நான் கிண்ணத்தை வைக்க சொல்வேன், ஏன்னா அவங்க லீவு போட்ட அன்னிக்கும் மாவு அதே மாவா இருக்கணும். யார் செஞ்சாலும் ஒரே மாதிரி வர்றதுக்கு எவ்ளோ அரிசி, எவ்ளோ தண்ணி, எத்தனை நிமிஷம்னு செவுத்துல எழுதி ஒட்டிட்டோம்.

பேக் பண்றதுல ஒரு விஷயம். பொங்குன மாவை பேக் பண்ணாதீங்க, ஆட்டி கலந்த உடனே பேக் பண்ணி ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்க, வாங்குறவங்க வீட்ல பொங்கட்டும். கவர்ல மூணுல ஒரு பங்கு காலி விடுங்க. ஆரம்பத்துல தெரியாம நிறைச்சு சீல் அடிச்சு, ஒரு கடை ஃப்ரிட்ஜ்ல பத்து பாக்கெட் வெடிச்சு பால் பாக்கெட் மேல எல்லாம் வழிஞ்சு, அந்த அண்ணாச்சி கடைய நானே போய் தொடைச்சு விட்டு பால் காசும் குடுத்துட்டு வந்தேன். இன்னிக்கு வரைக்கும் அவர்தான் எங்களுக்கு பெரிய கடை.

ரிட்டர்ன் வந்த புளிச்ச மாவை புது மாவுல கலந்துராதீங்க. கைல காசு போகுதேன்னு மனசு கேக்கும், எனக்கும் கேட்டுருக்கு. குழந்தைங்க சாப்பிடுற சாப்பாடு அது, கொட்டிருங்க.

பேப்பர் வேலை

இது பயப்படுற அளவுக்கு இல்ல. உணவுப் பாதுகாப்பு பதிவு முதல்ல. நாங்க எடுத்தப்போ வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா அடிப்படைப் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய் ஃபீஸ், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட ஃபாஸ்கோஸ் வெப்சைட்ல நாமளே போட்டுக்கலாம். வரம்பு, ஃபீஸ் எல்லாம் அப்பப்போ மாறும், அப்ளை பண்ற அன்னிக்கு பாத்துக்கோங்க. வர்ற 14 இலக்க நம்பரை கவர்ல போடணும், கூடவே எடை, விலை, பேக் பண்ண தேதி, எத்தனை நாளைக்குள்ள சாப்பிடணும், உங்க முகவரி, போன் நம்பர்.

அடுத்து உத்யம், அதாவது குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, 2020 ஜூலைல இருந்து நடப்புல இருக்கு, ஆதாரும் பான் கார்டும் இருந்தா போதும், ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. கூகுள்ல தேடுனா அரசு வெப்சைட் மாதிரியே இருக்கிற பல சைட் வந்து ஆயிரம் ரெண்டாயிரம்னு கேக்கும், முகவரி கடைசில ஜிஓவி டாட் இன்னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. இந்த நம்பர் எதுக்கு முக்கியம்னு பாக்கி வசூல்ல சொல்றேன்.

தராசுக்கு முத்திரை வாங்கணும், நம்ம ஊர்ல அது தொழிலாளர் துறை வேலை, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். வீட்டு கரண்ட் கனெக்‌ஷன்ல கிரைண்டர் ஓட்டாதீங்க, செக்கிங் வந்தா அபராதம் போடுவாங்க. இ.பி. ஆபீஸ்ல குறுந்தொழிலுக்கான 3ஏ1 டாரிஃப் கேளுங்க, 12 கிலோவாட் வரைக்கும் குடுப்பாங்க, நிறைய பேர் இது தெரியாம கடை ரேட் கட்டிட்டு இருக்காங்க. ஜிஎஸ்டி, பொருள் விக்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் வியாபாரம்னா வருஷம் 40 லட்சம் தாண்டுற வரைக்கும் கட்டாயம் இல்ல, அதனால ஆரம்பத்துல அதை நினைச்சு தூக்கத்தை கெடுத்துக்க வேணாம்.

கடை பிடிக்கிறதும் ரிட்டர்னை குறைக்கிறதும்

முதல் நாளே முப்பது கடைக்கு போகாதீங்க. அஞ்சு கடை, கடைக்கு மூணு பாக்கெட். பெங்களூர்ல 2005-ல முஸ்தபாவும் அவர் சொந்தக்கார பசங்களும் சேந்து ஐடி ஃப்ரெஷ்ங்கிற மாவு கம்பெனிய ஆரம்பிச்சப்போ 20 கடைல ஒரு நாளைக்கு 100 பாக்கெட்ங்கிற இலக்கை தொடவே ஒம்பது மாசம் ஆச்சாம். இன்னிக்கு அது எவ்ளோ பெரிய கம்பெனின்னு எல்லாருக்கும் தெரியும். மூணாவது வாரமே "ஓட மாட்டேங்குது"ன்னு மூடிறாதீங்க.

ரிட்டர்ன் குறையணும்னா ஒவ்வொரு கடைக்கும் நோட்ல தனிப் பக்கம் போடுங்க, தேதி, போட்டது, வித்தது, திரும்புனது, கூடவே அன்னிக்கு என்ன நாள்னு எழுதுங்க. மூணு மாசம் எழுதுனா கடை கடையா கதை தெரியும். எங்க நோட்ல தெரிஞ்சது: சனிக்கிழம சாயங்காலம்தான் உச்சம், ஞாயித்துக்கிழம காலைல கறிக்குழம்புக்கு இட்லி வேணும். அமாவாசை, கிருத்திகை ராத்திரி சோறு சாப்பிடாம பலகாரம் சாப்பிடுற வீடு நிறைய, அன்னிக்கு ஒண்ணரை மடங்கு போகும். ஏகாதசி அன்னிக்கு ஸ்ரீரங்கம் லைன்ல பாதிதான் போகும், அரிசியே தொடாத வீடுங்க அங்க அதிகம். பரீட்சை லீவு விட்டா ஹாஸ்டல் பக்கம் இருக்கிற கடை படுத்துரும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரல, நோட்டு சொல்லுச்சு. காலண்டர் பாத்து மாவு ஆட்ட ஆரம்பிச்சப்புறம்தான் நாலு ரிட்டர்ன் ஒண்ணாச்சு.

இன்னொண்ணு, இ.பி.யோட மாதாந்திர பராமரிப்பு கரண்ட் கட் அறிவிப்பை முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. காலைல 9 மணில இருந்து சாயங்காலம் வரைக்கும் போயிரும், முதல் நாள் ராத்திரியே ஆட்டி பக்கத்து ஏரியா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்.

பாக்கி

சின்ன தொழில் சாகுற இடம் இதுதான், விக்காம செத்ததை விட வித்துட்டு காசு வராம செத்ததுதான் நான் அதிகம் பாத்திருக்கேன். எங்ககிட்ட ஒரு மெஸ் தினமும் 8 கிலோ வாங்குனாங்க, முதல் மாசம் வாரா வாரம் கரெக்டா காசு, அப்புறம் "அக்கா அடுத்த வாரம்", அப்புறம் மாசக் கடைசி, அப்படியே 11,400 ஏறிருச்சு. பெரிய கஸ்டமர் போயிரக் கூடாதேன்னு நானும் போட்டுட்டே இருந்தேன். ஒரு நாள் போனா ஷட்டர் இறக்கிருந்துச்சு. அந்த மாசம் உளுந்து மூட்டைக்கு நகைய வச்சேன்.

அதுக்கப்புறம் வீட்ல ஒரு சட்டம். கடைக்கு இன்னிக்கு போட்ட மாவுக்கு காசு நாளைக்கு மாவு போடும்போது வாங்கணும், அதாவது ஒரு நாள் பாக்கிக்கு மேல கிடையாது. மெஸ், கேட்டரிங்னா ஏழு நாள், எட்டாவது நாள் காசு இல்லன்னா மாவு இல்ல. கேக்க கூச்சமாத்தான் இருக்கும், "அண்ணே உளுந்து கடைக்காரர் என்கிட்ட ரொக்கம் கேக்குறாரு, எனக்கு வேற வழியில்ல"ன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சண்டை போடாம, சிரிச்சுக்கிட்டே, ஆனா மாவுப் பையை வண்டிய விட்டு இறக்காம கேளுங்க.

பெரிய இடத்துக்கு பில் போட்டு சப்ளை பண்றீங்கன்னா உத்யம் நம்பர் பில்லுல இருக்கட்டும். 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தர தொழில் சட்டப்படி நம்மள மாதிரி பொருள் தயாரிக்கிற குறுந்தொழிலுக்கு எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்ல, இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல காசு குடுத்தே ஆகணும். தாண்டுனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டை போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இதுக்குன்னு அரசோட ஆன்லைன் தளம் இருக்கு, அதுல புகார் குடுக்கலாம். சப்ளை பண்றதுக்கு முன்னாடியே பதிவு இருக்கணும், அதான் முதல்லயே எடுத்துருங்கன்னு சொன்னேன். எனக்கு அந்த 11,400 போனப்போ என்கிட்ட பதிவும் இல்ல, பில்லும் இல்ல, சிட்டை பேப்பர்ல கையெழுத்து மட்டும்தான் இருந்துச்சு.

கடன் எப்ப வாங்கணும்

ஆறு மாச நோட்டு கைல இருக்கும்போது. அதுக்கு முன்னாடி வேணாம். அரசோட முத்ரா கடன் திட்டத்துல சிசு வகைல 50,000 வரைக்கும், கிஷோர்ல 5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம குடுக்கிறாங்க. உணவுத் தொழிலுக்குன்னே 2020-ல வந்த பிரதமரோட குறு உணவு நிறுவனத் திட்டத்துல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம்னு இருந்துச்சு, நம்ம கைக்காசு 10 சதவீதமாவது போடணும்னு விதி. மாவட்ட தொழில் மையத்துக்கு நேர்ல போங்க, உங்களுக்கு எது பொருந்தும், இப்ப எது நடப்புல இருக்குன்னு சொல்வாங்க, புரோக்கர் யாரும் வேணாம். மானியம்னா கைல காசா வராது, முதல்ல முழுக் கடனும் உங்க தலைல, மானியம் பேங்க்ல தனியா நிக்கும், மூணு வருஷம் ஒழுங்கா கட்டுன பிறகுதான் கடன்ல கழிப்பாங்க. மானியத்துக்காக கடன் வாங்குனவங்க கஷ்டப்படுறதை நான் நேர்ல பாத்திருக்கேன். பேங்க் மேனேஜர் முன்னாடி நான் கடை வாரியா ரிட்டர்ன் எழுதுன நோட்டைத்தான் வச்சேன், அவர் பத்து நிமிஷம் புரட்டிப் பாத்துட்டு "இதை யார் எழுதுனது"ன்னு கேட்டாரு, அதுக்கு மேல ஒரு கேள்விதான் கேட்டாரு.

ஆள் வைக்கிறது, பெருசு பண்றது

நாங்க ரெண்டாவது கிரைண்டர் போட்டது தொடர்ந்து மூணு மாசம் சாயங்காலம் 6 மணிக்கே மாவு தீந்து போய் கடைக்காரங்க போன் பண்ணி திட்ட ஆரம்பிச்சப்புறம்தான். ஆள் வச்சா சம்பளத்தை தேதிக்கு குடுங்க, நமக்கு வசூல் வரலங்கிறது அவங்க கவலை இல்ல. வாரத்துல ஒரு அரை நாளாவது மெஷினை நிறுத்தி கழுவி காய விடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவயாவது கல்லு கொத்தணும், இல்லன்னா ஆட்டுற நேரம் ஏறி சூடும் ஏறும், அது நேரா இட்லில தெரியும்.

இப்ப எங்களுக்கு நாளைக்கு 180 பாக்கெட், 31 கடை, 60 வீடு, வேலைக்கு ரெண்டு அக்காங்க. தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் 500 தாண்டும், அதுக்கு பத்து நாள் முன்னாடியே வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து பாதிக் காசு முன்பணமா வாங்கிருவோம், உளுந்தும் அப்பவே சாம்பிள் ஆட்டிப் பாத்து எடுத்து வச்சிருவோம். நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா தை மாசத்துல ஆரம்பிங்க, சித்திரை வெயில் வர்றதுக்குள்ள மாவோட குணம் கைக்கு பழகிரும். எடையும் தண்ணி அளவும் எழுதுற செவுத்து அட்டைய மட்டும் முதல் நாளே ஒட்டிருங்க.